பந்தயம் பிடிக்காமல் போனால் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

கேள்வி: வணக்கம் மேடம். வயது 48. ராணிப்பேட்டை எம்.பி.டி. ரோட்டில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று நீங்கள் சிரிக்கலாம். எட்டு வயதில் பெரியப்பா லாரியில் ஏற்றிக்கொண்டு போய் சோழவரத்தில் கார் ரேஸ் காட்டினார். அன்று பிடித்த பைத்தியம். கேபிள் வந்ததும் ஃபார்முலா 1 கார் ரேஸ். நான் ஃபெராரி ஓட்டிய ஷூமாக்கர் ஆள். 2005இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நம்ம நரேன் கார்த்திகேயன் நாலாவதாக வந்தபோது, நண்பன் வீட்டில் நாலு பேர் நடுராத்திரியில் கத்தியதில் அவன் அப்பா எழுந்து வந்து திட்டினார். 2011இல் டெல்லி போய் புத் சர்க்யூட்டில் நேரிலேயே பார்த்தேன்.

2021 அபுதாபியில் கடைசி ரவுண்டில் ஹாமில்டன் தோற்றார். எட்டாவது பட்டம் போச்சு, எங்க ஆளின் ஏழு பட்ட ரெக்கார்ட் பிழைத்தது என்று துள்ளிக் குதித்தேன். மறுநாள் காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது என்மேலேயே ஒரு மாதிரி இருந்தது. அதற்கப்புறம் எதுவும் ஒட்டவில்லை. சந்தா கட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன், பத்தாவது ரவுண்டில் தூங்கிவிடுகிறேன். 2025இல் ஹாமில்டன் ஃபெராரிக்கே வந்துவிட்டார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. உள்ளே சாமி இல்லாத கோயில் மாதிரி இருக்கிறது மேடம். பத்தாவது படிக்கும் மகன் அஜித் ரேஸ் ஓட்டுகிற வீடியோவைக் காட்டினால் சும்மா தலையாட்டி வைக்கிறேன். ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வேறு வந்துவிடுகிறது. அந்த நாலு பேரில் ஒருத்தன் துபாய், ஒருத்தன் ஓசூர். டிவி வீட்டுக்காரனோடு ஒரு ஜாமீன் கையெழுத்து விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லை, அது வேற கதை. வீட்டில் ‘விட்டது சனி’ என்கிறாள். எனக்கோ நாற்பது வருஷப் பழக்கத்துக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. பீரோவில் நரேன் ஓட்டிய ஜோர்டன் அணியின் மஞ்சள் தொப்பி, பத்திரிகை வெட்டல்கள், டெல்லி டிக்கெட் எல்லாம் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாமா?

— பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

பதில்: சிரிக்கவில்லை சார். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் அந்த 3 மணி விழிப்பைக் கவனித்தேன். மகனுக்கும் துபாய் நண்பனுக்கும் நடுவில் கூட்டத்தில் ஒளிந்த பையன் மாதிரி ஒரே வரியில் நிற்கிறது. ஆகவே அதை முதலில் பேசிவிடுகிறேன். பந்தயம் எங்கேயும் ஓடிப்போகாது.

பிடித்தது பிடிக்காமல் போவது மனச்சோர்வின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. விடியற்காலைக்கு ரொம்ப முன்னால் விழித்துக்கொண்டு பிறகு தூக்கம் வராமல் புரள்வது இன்னொன்று. இரண்டும் ஒரே கடிதத்தில் இருக்கும்போது நான் கண்டுகொள்ளாமல் போக முடியாது. ஆனால் மனச்சோர்வு வந்தால் அது ஒரே ஒரு விருப்பத்தைப் பொறுக்கியெடுத்துத் தின்னாது. ரேஸ் கசந்தால் பிரியாணியும் கசக்கும், பாட்டும் கசக்கும், பிள்ளை பேசுவதும் எரிச்சலாகும். டாக்டர்கள் முதலில் கேட்கும் இரண்டு கேள்விகளை உங்களிடமே தருகிறேன். கடந்த 2 வாரங்களில் பெரும்பாலான நாட்களில் எந்த வேலையிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? மனசு பாரமாக, நம்பிக்கையே இல்லாத மாதிரி இருந்ததா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆமாம், கிட்டத்தட்ட தினமும்’ என்று பதில் வந்தால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். வாலாஜா அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். மனநல மருத்துவமனை இருக்கும் பாகாயம் என்ற பேரைச் சொன்னதும் நம்மூரில் சிலருக்கு முகம் மாறும். அந்தக் கூச்சம் இருந்தால் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று அரசு நடத்தும் இலவச எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

‘இல்லை மேடம், கடை நன்றாக நடக்கிறது, சாப்பாடு இறங்குகிறது, ரேஸ் மட்டும்தான்’ என்றால், 3 மணிக்கு வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். 48 வயதில் சர்க்கரையைப் பரிசோதிக்காமல் தூக்கத்தைப் பற்றிப் பேசக் கூடாது. சிறுநீர் முட்டி எழுந்திருக்கிறீர்களா, சும்மா விழிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ராத்திரி இரண்டு பெக் பழக்கம் உண்டென்றால், அது படுத்ததும் தூங்கவைக்கும், பின்னிரவில் தட்டி எழுப்பிவிடும். இன்னொன்று, பத்தாவது ரவுண்டில் தூங்கிவிடுகிறேன் என்கிறீர்களே, ஞாயிறு மாலை 7 மணிக்கு சோபாவில் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தவருக்கு 3 மணிக்கு விழிப்பு வராமல் என்ன செய்யும்? செவ்வாய், புதனிலும் வருகிறதா என்று ஒரு காலண்டர் தாளில் குறித்து வையுங்கள்.

இனி பந்தயம்.

மனசைப் படிக்கும் எங்கள் தொழிலுக்கு ஒரு வியாதி உண்டு. வெயில் அடிக்கிறது என்று ஒருவர் சொன்னாலும் ‘அதை ஏன் வெயில் என்று உணர்கிறீர்கள்’ என்று கேட்போம். வேலூர்க்காரர்களிடம் அந்தக் கேள்வி செல்லாது. ஆகவே உங்கள் மனசைத் தோண்டுவதற்கு முன்னால், வெளியே நிஜமாகவே வெயில் அடிக்கிறதா என்று பார்த்தேன். பழைய சீசன்களின் முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். வீட்டில் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

அடித்தது உண்மைதான். 2023இல் நடந்த 22 பந்தயங்களில் 21ஐ ரெட் புல் அணி ஜெயித்தது. அதில் 19 அந்த அணியின் வெர்ஸ்டாப்பன் ஒருவருடையது. இதைப் பார்த்துத் தூங்காதவர்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும். நீங்கள் இளைஞராக இருந்தபோது வருஷத்துக்கு 16, 17 பந்தயம். 2024இல் 24. அதிலும் சில வாரங்களில் சனிக்கிழமையே ‘ஸ்பிரின்ட்’ என்று ஒரு குட்டிப் பந்தயம். தீபாவளி வருஷத்துக்கு இருபத்து நாலு தடவை வந்தால் பட்டாசு யார் வாங்குவார்கள்? 2005 வரை கத்திய வி10 என்ஜினின் சத்தமும் இல்லை. 2014இலிருந்து 1.6 லிட்டர் வி6, கூடவே மின்சாரம். சத்தத்தால் மயங்கியவருக்கு அது சின்ன இழப்பு இல்லை.

ஆனால் அதே தாள்களில் வேறொன்றும் இருந்தது. 2002இல் 17 பந்தயங்களில் 15ஐ ஃபெராரி ஜெயித்தது. 2004இல் 18இல் 15, அதில் 13 உங்கள் ஷூமாக்கர். அந்த இரண்டு வருஷமும் நீங்கள் தூங்கினீர்களா? ‘2004 மாதிரி ஒரு வருஷம் வராது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். (கடிதத்தை இடம் கருதிச் சுருக்கினேன், மன்னிக்கவும்.) 2002இல் ஆஸ்திரியாவில் அதே அணியின் பாரிச்செல்லோ ஜெயிக்க வேண்டிய பந்தயத்தை, அணி சொன்னது என்று கோட்டுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து ஷூமாக்கருக்கு விட்டுக்கொடுத்தார். மேடையில் நின்றவர்களைப் பார்த்துக் கூட்டமே ஊளையிட்டது. நியாயம் கெட்டதால் விட்டுவிட்டேன் என்று சொல்ல, உங்களுக்கு 2021 வரை காத்திருக்க அவசியம் இருந்திருக்காது. பிறகு 2024 வந்தது. ஏழு பேர் ஆளுக்கு இரண்டுக்குக் குறையாமல் ஜெயித்தார்கள். அணிகளுக்கான பட்டம் 1998க்குப் பிறகு முதல்முறையாக மெக்லாரனுக்குப் போனது. அந்த வருஷமும் நீங்கள் பத்தாவது ரவுண்டில் தூங்கியிருக்கிறீர்கள்.

ஆகவே ஆட்டம் கெட்டுவிட்டது என்ற காரணம் பாதி தூரம்தான் வண்டி ஓட்டும். மீதிக்கு உங்கள் கடிதத்துக்கே திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.

நான்கு பக்கக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் இண்டியானாபோலிஸ். மற்ற இடங்களில் உங்கள் எழுத்து சோர்ந்து சாய்ந்திருக்கிறது. அந்த ஒன்றரைப் பக்கத்தில் மட்டும் பேனா காகிதத்தை அழுத்தியிருக்கிறது. அந்த 13ஆவது திருப்பம் சாய்வாக இருந்ததால் மிஷெலின் டயரின் பக்கச்சுவர் எப்படித் தாங்காமல் போனது, வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ஷூமாக்கரின் தம்பி ரால்ஃபின் கார் எப்படி இடித்தது, அந்த வருஷம் பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றக் கூடாது என்ற விதி எப்படிக் கழுத்தைப் பிடித்தது என்று, எனக்குக்கூடப் புரியும்படி எழுதியிருக்கிறீர்கள். அலைன்மென்ட் கெட்ட இண்டிகாவின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்வதை வைத்து விளக்கியது பிரமாதம்.

வாசகர்களுக்காக மிச்சத்தை நான் சொல்கிறேன். 2005 ஜூன் 19. மிஷெலின் டயர் போட்டிருந்த ஏழு அணிகளின் 14 கார்களும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் வரிசையில் நிற்காமல், டயர் மாற்றிப் பழுதுபார்க்கும் பிட்டுக்குள் போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்டிருந்த ஃபெராரி, ஜோர்டன், மினார்டி என மூன்று அணிகளின் 6 கார்கள் மட்டும் ஓடின. ஷூமாக்கர், பாரிச்செல்லோ, மொன்டெய்ரோ, நாலாவதாக நரேன். பணம் கட்டி வந்த கூட்டம் பாட்டிலைத் தூக்கி எறிந்தது. ஃபார்முலா 1 வரலாற்றில் மிக மோசமான பந்தயம் எது என்று கேட்டால் பலரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான்.

உங்கள் வாழ்க்கையின் மிகச் சிறந்த பந்தயமும் அதேதான்.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆறே கார், முந்துவதற்கு ஆளில்லை, ஊரே காறித் துப்பிய பந்தயம். ஆனால் அதில் ஓடியவர்களில் ஒருவர் நம்மூர்ப் பையன். 1977இல் பிறந்தவர், உங்கள் வயதுக்காரர், தமிழ் பேசுகிறவர். பக்கத்தில் மூன்று சிநேகிதர்கள். திட்டுவதற்கு ஓர் அப்பா. பந்தயம் நன்றாக இருந்ததால் நீங்கள் அன்று சந்தோஷப்படவில்லை. அப்படியென்றால், பந்தயம் மோசமானதால் இன்று வாடவும் இல்லை.

சரி, இடையில் என்ன நடந்தது? வருஷங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். 2006இல் ஷூமாக்கர் விலகினார். 2010இல் மெர்சிடிஸில் திரும்பி வந்தார், 2012 முடிவில் நிரந்தரமாக இறங்கினார். அவர் எழுந்த இருக்கையில் 2013இல் வந்து உட்கார்ந்தவர் ஹாமில்டன். அதே வருஷம் டிசம்பர் 29 அன்று ஷூமாக்கர் பனிச்சறுக்கில் விழுந்து தலையில் அடிபட்டார். அதன்பின் அவரை யாரும் வெளியே பார்க்கவில்லை. உங்கள் ஆள் களத்திலும் இல்லை, களத்துக்கு வெளியேயும் இல்லை. செத்திருந்தால் அழுது முடித்திருக்கலாம். உயிரோடு இருக்கிறார், ஆனால் எப்படி இருக்கிறார் என்று தெரியாது. இந்த மாதிரித் துக்கத்துக்குக் கரும காரியம் கிடையாது. பதினாறாம் நாள் வராது.

அவர் விட்டுப்போனது இரண்டு எண்கள்: 7 பட்டம், 91 வெற்றி. அந்த இரண்டையும் குறிவைத்து ஏறிக்கொண்டிருந்தவர் ஹாமில்டன். 2013க்குப் பிறகு நீங்கள் எழுதியிருக்கும் எந்த வரியிலும் யார் ஜெயிக்க வேண்டும் என்று இல்லை. யார் தோற்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ரோஸ்பெர்க் ஜெயித்தால் சந்தோஷம், வெட்டல் ஜெயித்தால் சந்தோஷம், வெர்ஸ்டாப்பன் ஜெயித்தால் சந்தோஷம். இவர்களில் ஒருவர்மேலும் உங்களுக்குப் பிரியம் கிடையாது. ஹாமில்டனைத் தடுத்தார்கள், அவ்வளவுதான். சார், நீங்கள் எட்டு வருஷமாகப் பந்தயம் பார்க்கவில்லை, காவல் காத்தீர்கள். கழனியில் கதிர் முற்றியிருக்கும்போது பந்தலில் படுத்துக்கொண்டு பன்றி விரட்டுவார்களே, அந்தக் காவல்.

2020இல் 91 போனது, பட்டமும் ஏழுக்கு ஏழு சமமானது. மிச்சமிருந்தது எட்டு என்ற ஒரு வாசல். 2021 டிசம்பர் 12, அபுதாபி. லத்தீஃபி என்ற ஓட்டுநர் தடுப்பில் மோதியதில், எல்லோரையும் மெதுவாக அழைத்துப்போகும் சேஃப்டி கார் வந்தது. பந்தய இயக்குநர் ஒரு சுற்று பின்தங்கிய கார்களில் ஐந்தை மட்டும் முன்னால் விட்டார். அந்த ஐந்தும் ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவில் இருந்தவை. கடைசிச் சுற்றில் புது டயரோடு வெர்ஸ்டாப்பன் முந்தினார். அடுத்த வருஷம், இந்தப் பந்தயங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச அமைப்பான ஃபியா வெளியிட்ட அறிக்கையே அதை மனிதத் தவறு என்று ஒப்புக்கொண்டது. அன்று ராத்திரி நீங்கள் குதித்தீர்கள். மறுநாள் ஷட்டர் தூக்கும்போது ‘ஒரு மாதிரி’ இருந்தது என்கிறீர்கள். அந்த ஒரு மாதிரிக்குப் பெயர் வேண்டுமானால் வெட்கம் என்று நான் சொல்வேன். நல்ல மனிதர்களுக்கு வருவது. தப்பான வழியில் ஒருவன் தோற்றதற்கு நாம் கைதட்டிவிட்டோம் என்ற வெட்கம்.

அதோடு வேலையும் முடிந்துவிட்டது. அதன்பிறகு ஹாமில்டன் அந்த வாசல் பக்கமே நெருங்கவில்லை. கதிர் அறுத்தாயிற்று. காவல்காரரை யாரும் வந்து ‘வீட்டுக்குப் போய்யா’ என்று சொல்லவில்லை, அதனால் அவர் பந்தலிலேயே உட்கார்ந்திருக்கிறார், தூங்கி விழுகிறார், தூங்குவதற்காகத் தன்னையே திட்டிக்கொள்கிறார். ஹாமில்டன் ஃபெராரியின் சிவப்புச் சட்டை போட்டபோது கோபம் வராதது ஏன் என்று கேட்டீர்கள். காக்க வேண்டியது எதுவும் இல்லாத இடத்தில் கோபம் எங்கிருந்து வரும்? அதில் பயப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அது ஆறிய புண் மாதிரிதான் படுகிறது.

என் தாய்மாமனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒடுகத்தூர் பக்கம். நம் ஜில்லாவில் தை பிறந்தால் எருது விடும் விழாதானே. தெருவின் இரண்டு பக்கமும் சவுக்குக் கழி கட்டி, நடுவில் காளை ஓடி, எத்தனை விநாடி என்று கணக்குப் போட்டுப் பரிசு. அவர் வளர்த்த காளைக்கு எங்களைவிட நல்ல தீனி கிடைத்தது. விநாடியின் பின்னங்களை அவர் பேசுவதைக் கேட்டால் உங்களுக்கு ஃபெராரி பிட்டில் நிற்கிற மாதிரி இருக்கும். 2014இல் உச்ச நீதிமன்றத் தடை வந்தது. ஒரு வருஷம் பார்த்தார், அப்புறம் காளையை விற்றுவிட்டார். விற்ற அன்று சாப்பிடவில்லை. 2017இல் சட்டம் வந்து விழா திரும்பியது. ஊரே அவரைத்தான் முன்னால் நிறுத்த நினைத்தது. போனார். அரை மணி நேரம் நின்றார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நான் அப்போதுதான் இந்தத் தொழிலுக்கு வந்து சில வருஷம், எல்லாவற்றையும் நோயாகப் பார்க்கும் வயது. ‘மாமா, மனசு சரியில்லையா’ என்று கேட்டேன்.

“இன்னாம்மா இது. அது ஓடச்சொல்ல நானும் கூடவே ஓடினு இருந்தேன். இப்ப யாரோடதோ ஓடுது. நான் இன்னாத்துக்கு அங்க நிக்கணும்? கொழம்பு ஊத்து” என்றார்.

அவருக்குத் துரோகம் என்ற வார்த்தையே தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. யாருக்குத் துரோகம்? ஃபார்முலா 1க்கு நீங்கள் சந்தாதாரர். அது உங்களிடம் பணத்தைத் தவிர வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை. ஷூமாக்கருக்கா? அவர் ஓட்டிய ஒவ்வொரு பந்தயத்தையும் கேபிள்காரரோடு சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். பாக்கி ஒன்றும் இல்லை. சோழவரம் போன அந்த எட்டு வயதுப் பையனுக்கு என்றால், அவன் சாம்பியன்ஷிப் புள்ளிக் கணக்குக்காகப் போகவில்லை, லாரியில் முன் சீட்டில் உட்காரத்தான் போனான் என்று நினைக்கிறேன்.

வயதுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. உலகின் சிறந்த கால்பந்து ஆட்டக்காரர்கள் யார் என்று பலரிடம் கேட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒவ்வொருவரும் தாங்கள் பதின்வயதில் இருந்தபோது ஆடிக்கொண்டிருந்தவர்களைத்தான் சொன்னார்கள். அந்த வயதில் மனசில் விழுந்தது ஆழமாக விழுகிறது. 2025இல் மெர்சிடிஸில் ஏறிய ஆன்டனெல்லி 2006இல் பிறந்தவர். ஷூமாக்கர் முதல்முறை விலகுவதாக அறிவித்த வருஷம். உங்கள் மகனுக்கு அண்ணன் வயது. அந்தப் பையன் ஜெயித்தால் உங்களுக்குள் எழுவது ரசிகனின் வெறியாக இருக்காது. ‘பத்திரமாக ஓட்டுப்பா’ என்ற எண்ணமாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது என்று கேட்டால், முதலில் அந்தச் சந்தாவின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். முழு சீசனும் பார்க்க வேண்டாம். போனில் புள்ளிப் பட்டியலும் வேண்டாம். விட்டுவிட்டேன் என்று யாரிடமும் அறிவிக்கத் தேவையில்லை, மனைவியிடம் உட்பட. ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ கேட்க வேண்டி வரும். ஞாயிறு மாலைக்கு வேறு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? முன்பு ஐரோப்பியப் பந்தயங்கள் நமக்கு மாலை 5:30க்குத் தொடங்கி, விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். 2018இல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி 6:40 ஆக்கினார்கள், இப்போது 6:30. வீட்டில் எல்லோரும் வெளியே கிளம்பும் நேரத்தில் நீங்கள் மட்டும் ஹாலில் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். சிறுசுதான், ஆனால் பழக்கங்கள் இப்படிச் சிறிய ஆணிகளில்தான் மாட்டியிருக்கின்றன.

சாமி இல்லாத கோயில் என்று எழுதியிருந்தீர்கள். வேலூர் பக்கத்துக்காரர் அந்த உவமையை அவ்வளவு சுலபமாக எடுக்கக் கூடாது சார். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் எத்தனை காலம் இல்லாமல் இருந்தார்! லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981இல்தான் திரும்பி வந்தது. சாமி இல்லாத அந்தக் காலத்திலும் கல்யாண மண்டபத்து யாளித் தூணைப் பார்க்க ஆள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கும்பிட வரவில்லை, கல்லைப் பார்க்க வந்தார்கள்.

உங்களுக்கும் கல் மிச்சம் இருக்கிறது என்று அந்த ஒன்றரைப் பக்கம் சொல்கிறது. இருங்காட்டுக்கோட்டை உங்கள் கடையிலிருந்து அதே ரோட்டில் ஒன்றரை மணி நேரம். 1990இலிருந்து அங்கே 3.7 கிலோமீட்டர் ஓடுகளம் இருக்கிறது. தேசியப் பந்தயம் நடக்கும் ஒரு வார இறுதியில் மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். யாருக்கும் ரசிகராக இருக்க வேண்டாம். திருப்பத்தில் நின்று எந்த கார் எந்தப் பக்கம் டயரைத் தின்கிறது என்று பாருங்கள். மகனுக்குச் சொல்லுங்கள். அவன் அஜித் வீடியோவைக் காட்டும்போது, 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததைப் பெருமையாகச் சொல்லும்போது, ‘24 மணி நேரத்தில் எத்தனை செட் டயர் மாற்றியிருப்பார்கள், சொல்லு பார்ப்போம்’ என்று ஒரு கேள்வி போடுங்கள். தலையாட்டுவதைவிட அது உங்களுக்குச் சுலபம். போய்ப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் ஸ்ரீபெரும்புதூரில் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். பெட்ரோல் காசு நஷ்டம், வேறில்லை.

அப்புறம் அந்த ‘வேற கதை’. ஜாமீன் கையெழுத்தில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். பணம் போன வலி பேசினால் போகாது, பேசினதால் பணமும் வராது. ஆனால் உங்கள் கடிதத்தில் சந்தோஷமாக இருக்கும் ஒரே ராத்திரி அவர் வீட்டு ஹாலில் நடக்கிறது. அவர் அப்பா இப்போது இருக்கிறாரா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. பந்தய ஆசை திரும்பி வர வேண்டும் என்பதற்காக அவருக்குப் போன் செய்யாதீர்கள், அது வராது. பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கத் தோன்றினால் மட்டும் செய்யுங்கள். தோன்றவில்லையா, விடுங்கள்.

பீரோ விஷயம். தூக்கம் சரியில்லாத மாதங்களில் நிலம் விற்காதே, நகை மாற்றாதே, பழசை எடைக்குப் போடாதே என்று என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்வேன். 3 மணிக்கு எடுக்கிற முடிவுகள் 10 மணி வெயிலில் வேறு மாதிரி தெரியும். டிக்கெட்டும் வெட்டல்களும் இடத்தை அடைக்காது, ஒரு கவரில் போட்டு மேல்தட்டில் வையுங்கள். மஞ்சள் தொப்பியை மட்டும் வெளியே எடுத்து ஒருமுறை துவைத்துக் காயப்போடுங்கள். இருபது வருஷம் பூட்டிவைத்த துணி, பூச்சி அரித்திருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் நிழல் என்று பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது, பையன் போட்டுக்கொள்ளட்டும். சர்க்கரை ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.